டிவி எங்கள் வீட்டில், இந்தி அடுத்த வீட்டில்

கொடைக்கானல் மலையில் டவர் வந்து, எங்கள் ஊர் டிவி தமிழ் பேச ஆரம்பித்த வருஷம் இருக்கிறதே, அந்த வருஷத்தில் வந்த நாடகங்களில் எது நல்ல நாடகம் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் யோசிக்காமல் பதில் சொல்வேன். எனக்கு ஞாபகசக்தி கொஞ்சம் அதிகம். கோபமும் அப்படித்தான். இரண்டும் ஒரே வியாதி என்பார் என் வீட்டுக்காரர்.

அப்போது கோச்சடையில் இருந்தோம். டவுனில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். வீட்டுக்காரர் கரண்ட் ஆபீசில் குமாஸ்தா. மாமனார் கட்டிய வீடு அது. அவர் காலத்துக்குப் பிறகு பட்டாசாலைக்கு, அதாவது கூடத்துக்கு, நடுவே ஒரு சுவர் எழுப்பி, கிழக்குப் பாதியை நாங்கள் எடுத்துக்கொண்டோம், மேற்குப் பாதி கொழுந்தனுக்குப் போனது. கொல்லையும் கிணறும் முருங்கை மரமும் பொது. சுவர் ஒற்றைக்கல் சுவர்தான். அந்தப் பக்கம் அப்பளம் பொரித்தால் இந்தப் பக்கம் சத்தம் கேட்கும்.

வீடு பிரிந்ததில் சண்டை ஒன்றும் இல்லை. அண்ணனும் தம்பியும் நன்றாகத்தான் இருந்தார்கள். சாயங்காலமானால் ஒரே சைக்கிளில் கடைத்தெருவுக்குப் போவார்கள். பேச்சு இல்லாமல் இருந்தது எனக்கும் கொழுந்தன் பெண்டாட்டிக்கும்தான். அதாவது என் ஓரகத்திக்கும் எனக்கும்.

அவள் எங்கள் சொந்தம்தான். ஆனால் அவள் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, நாக்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், கோபம் வந்தால் மட்டும் நடுவில் இந்தி விழும். தெருவில் அவளுக்கு நாக்பூர்க்காரி என்றே பெயர்.

சண்டை எதனால் என்று சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு ஐந்து வயதில் அழகர்கோவிலில் காது குத்தினோம். தாய்மாமன் சீர் கொண்டு வர வேண்டியவன் என் அண்ணன். சமயநல்லூர்ப் பக்கம் விவசாயம். அந்த வருஷம் கிணறு வற்றி வயல் முழுக்கக் காய்ந்து போயிருந்தது. அப்படியும் மனுஷன் ஒரு தட்டில் பழம், ஒரு சேலை, குன்றிமணி அளவுக்கு ஒரு ஜோடித் தோடு என்று கொண்டு வந்துவிட்டான். அவன் பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்த நேரம். பின்னால் நின்ற நாக்பூர்க்காரி யாரிடமோ சிரித்துக்கொண்டே, "தாய்மாமன் சீருன்னாங்க, தட்டுல தேடித்தான் பாக்கணும் போல" என்றாள்.

அண்ணன் காதில் அது விழுந்துவிட்டது. "வெயில்ல வந்தது தலை வலிக்குது. நான் வாரேன்த்தா" என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்தான். இலையில் சோறு விழுந்தாகிவிட்டது, அவன் கையை நனைக்கவில்லை. எங்கள் பக்கம் இலைக்கு முன்னால் உட்கார்ந்தவன் சாப்பிடாமல் எழுந்து போவது சாதாரண விஷயமில்லை. நான் விடுவேனா? அம்புட்டு ஜனத்துக்கும் முன்னால் அவளைப் பார்த்துச் சொன்னேன்: "என் அண்ணன் பசியோட போறான். நீயா வாயத் தொறந்து தப்புன்னு சொல்ற வரைக்கும் உனக்கும் எனக்கும் பேச்சில்ல. உன் வீட்டுல பச்சத்தண்ணி தொடமாட்டேன்." சொன்னது சொன்னதுதான். மூன்று வருஷம் ஓடிவிட்டது.

பேச்சு இல்லை என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். சாடைப் பேச்சு என்று ஒன்று இருக்கிறதே. ஆளைப் பார்த்துத் திட்டினால்தானே சண்டை? கோழியைத் திட்டலாம், காக்காயைத் திட்டலாம், யார் கேட்பது? எங்கள் கோழி அவள் வாசல் பக்கம் போனால் போதும். "வெக்கங்கெட்ட மூதேவி, நாக்கு நீண்டவுக வீட்டுல உனக்கு என்னடி மேய்ச்சல்?" என்று கிணற்றடியில் நின்று கத்துவேன். முதலில் அவளுக்கு இது விளங்கவில்லை. "அக்கா ஏன் தினமும் கோழியத் திட்றாங்க?" என்று கொழுந்தனிடம் கேட்டாளாம். நாக்பூரில் அந்தப் பழக்கம் கிடையாது போல. ஆறே மாதத்தில் பிடித்துக்கொண்டாள். ஒருநாள் முருங்கை மரத்தைப் பார்த்து, "உடம்பு பூரா முறுக்கு, தொட்டா ஒடியும், இதுக்கு இம்புட்டுப் பவுசு" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் சொன்னாள். அவள் அதைக் கற்றுக்கொண்டதே என்னிடம்தான்.

இப்படி இருக்கும்போதுதான் பொங்கலை ஒட்டி நாங்கள் டிவி வாங்கினோம். கறுப்பு வெள்ளைதான், மரக்கதவு வைத்தது. ஆண்டெனாவை எங்கள் மொட்டைமாடியில் எங்கே நட்டாலும் புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தது. கொழுந்தன் பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் வைத்தால் பளிச்சென்று வந்தது. "வச்சிக்கங்கண்ணே" என்று கொழுந்தன் சொல்லிவிட்டார். அவள் தலைக்கு மேல் என் ஆண்டெனா நிற்கிறது என்று எனக்கு ஒரு சந்தோஷம். அற்பச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அப்போது எங்கள் ஊர் டவருக்கு டில்லி மட்டும்தான் தெரியும். செய்தி இந்தி, நாடகம் இந்தி, விவசாயம்கூட இந்தி. மாடு வந்தால் மட்டும்தான் எங்களுக்குப் புரிந்தது. நாங்களும் சளைக்காமல் உட்கார்ந்து பார்த்தோம். வீட்டுக்காரர், நான், மகள், எதிர்வீட்டு அம்மா, கொழுந்தன், அவர் மகன். கொழுந்தனுக்கும் இந்தி சுத்தமாகத் தெரியாது.

அந்த வருஷம் நாலு தொடர்கள் நன்றாக இருந்தன. வியாழக்கிழமை ஒரு சிரிப்பு நாடகம். குடையோடு திரிகிற ரிட்டையரான போஸ்ட்மாஸ்டர் ஒருத்தர், எதைப் பார்த்தாலும் புகார்க் கடிதம் எழுதுவார். அது பிறகு தெரிந்தது. ஆரம்பத்தில் அவரைத் துப்பறியும் போலீஸ் என்றுதான் வீட்டுக்காரர் இரண்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தார். இன்னொரு சிரிப்பு நாடகத்தில் நாலு கல்யாணமாகாத பையன்கள் மாடியறையில் வாடகைக்கு இருப்பார்கள், கீழே வீட்டுக்கார அம்மாள். அந்த அம்மாள் அவர்களைப் பெற்ற தாய் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். மலைக் கிராமத்து டாக்டர் கதை ஒன்று. சித்திரை வெயிலில் விசிறியும் கையுமாக உட்கார்ந்து அந்தப் பனியைப் பார்த்தோம். கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த ஜவுளிக்கடைக் குடும்பத்துக் கதை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது கேளுங்கள் கூத்தை. வியாழக்கிழமை போஸ்ட்மாஸ்டர் என்னவோ சொல்லுவார். நாங்கள் ஆறு பேரும் முளைக்குச்சியில் கட்டிய மாடு மாதிரி உட்கார்ந்திருப்போம். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கலகலவென்று ஒரு சிரிப்பு கேட்கும். அவள்தான்! எங்கள் டிவிச் சத்தத்தைக் கேட்டு அடுப்படியில் இருந்தபடியே சிரிக்கிறாள். பெட்டி வாங்கியது நான், சிரிப்பது அவள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? "சத்தத்தக் குறைங்க" என்றேன். குறைத்தால் எங்களுக்கு இருந்த ஒன்றும் போய்விடும் என்று வீட்டுக்காரர் மறுத்துவிட்டார்.

என் மகளுக்கு எட்டு வயது, வாயாடி. ஒவ்வொரு சிரிப்புக்கும் கொல்லை வழியாக ஓடுவாள். "சித்தி, எதுக்குச் சிரிச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டு திரும்பி ஓடி வருவாள். "அம்மா, தாத்தா தன் பேருக்கே புகார் எழுதி, தானே வாங்கிப் படிச்சிட்டுக் கோவப்படறாராம்!" அதற்குள் திரையில் வேறு என்னவோ ஓடிக்கொண்டிருக்கும். நாங்கள் அதைப் பார்த்து முந்திய நகைச்சுவைக்குச் சிரிப்போம். எதிர்வீட்டு அம்மாதான் பொறுக்க முடியாமல் சொன்னார்: "பிள்ளைய ஏன் இப்படி ஓட விடறீங்க? அவள இங்கயே வந்து உக்காரச் சொன்னா என்ன?"

"யாரு கையப் பிடிச்சுத் தடுத்தா? வரவுக வரட்டும். நான் கூப்பிடல" என்றேன்.

மறுவாரம் என் மகளே அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வந்தவள் உள்ளே வராமல் நிலைப்படி ஓரமாக உட்கார்ந்தாள். நான் டிவியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பத்து நிமிஷத்தில் படம் நின்றுபோய், அடிக்கடி வருமே, எழுத்து போட்ட ஒரு அட்டை, அது வந்தது. அது ஏதோ கம்பெனி விளம்பரம் என்று நினைத்திருந்தோம். "அது என்னா சித்தி எழுதியிருக்கு?" என்று மகள் கேட்டாள். நாக்பூர்க்காரி மெதுவாகச் சொன்னாள்: "தடங்கலுக்கு வருந்துறாங்களாம்." சண்டைக்குப் பிறகு எங்கள் வீட்டு நிலைப்படியில் அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அதற்குப் பிறகு அவள் வராத வியாழன் இல்லை, வராத ஞாயிறு இல்லை. கேள்வி கேட்பது என் மகளாக இருக்கும், பதில் மகளுக்குத்தான் போகும், ஆனால் அறைக்கே கேட்கும். நானும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்குப் புரியாத இடம் வந்தால் மகளைக் கிள்ளுவேன், அவள் கேட்பாள். கடைசியில் என்ன ஆனதென்றால், நான் திரையைவிட்டு அவள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். அவள் உதடு கோணினால் சிரிப்பு வரப்போகிறது என்று அர்த்தம். எல்லாரையும்விட ஒரு நொடி முன்னால் சிரித்துவிடுவாள். அவளுக்கு அடுத்ததாக நான் சிரிப்பேன். என்னமோ இந்தி புரிந்துவிட்ட மாதிரி!

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பாதி வருஷம் போனபோது எனக்குக் கோபம் குறைந்திருந்தது. பேசவில்லை, சபதம் சபதம்தான். ஆனால் பாயை நிலைப்படி ஓரமாக, ஃபேன் காற்று படுகிற இடமாகப் பார்த்து நகர்த்திப் போடுவேன், அவளுக்கு என்று சொல்லாமல். ஞாயிற்றுக்கிழமை அவள் வர ஐந்து நிமிஷம் தாமதமானால் டிவியைப் போடமாட்டேன். "வோல்டேஜ் சரியில்ல, இருங்க" என்று எதையாவது சொல்லி ஓட்டுவேன். எல்லாருக்கும் காபி கொடுக்கும்போது அவளுக்குக் கொடுப்பதில்லை. அவளும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டதில்லை. கோழியைத் திட்டுவதையும் எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை.

'அவ ஒரு வார்த்தை சொல்லட்டுமே. ஒரே ஒரு வார்த்தை. நான் என்ன கல்லா?' என்று எனக்குள்ளே சொல்லிக்கொள்வேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வருஷம் முழுக்கக் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை நாடகம். வடக்கே ஏதோ ஊரில் ஜவுளிக்கடை வைத்த பெரிய குடும்பம். மாமியார் இல்லாத வீடு. மூத்த மருமகள் இடுப்பில் சாவிக்கொத்தோடு வீட்டை நடத்துகிறாள். முகத்தில் சிரிப்பே கிடையாது, ஆனால் நியாயமான பொம்பளை. எனக்கு அவளைப் பிடித்துப் போய்விட்டது. சின்ன மருமகள் அழகி, படித்தவள், துடுக்கு. ரெண்டு பேருக்கும் ஆகாது. ஒவ்வொரு ஞாயிறும் நான் பெரியவள் கட்சி. "அவ என்னமா நெஞ்ச நிமித்தி நிக்கிறா பாரு, அதான் மூத்தவ" என்று சத்தமாகவே சொல்வேன். நாக்பூர்க்காரி தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள்.

ஐப்பசி மாதம், வெளியே மழை. அந்த வாரக் கதையில் பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறாள். சின்னவள் பின்னால் வந்து நின்று மெல்லிய குரலில் என்னவோ சொல்கிறாள். கண்ணில் தண்ணீர் நிற்கிறது. "என்ன சித்தி சொல்றா?" என்று மகள் கேட்டாள்.

நாக்பூர்க்காரி தொண்டையைச் செருமிக்கொண்டாள். அப்புறம் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "அக்கான்னு கூப்பிடறா. நான் அன்னைக்கு வெளையாட்டாச் சொன்ன வார்த்தை, இம்புட்டுப் பெரிசாகும்னு எனக்குத் தெரியலங்கறா. பசியோட ஒருத்தர எந்திரிக்க வச்ச பாவம் எனக்கு வேணாம், அன்னையிலேருந்து எனக்குச் சோறு சரியா எறங்கலங்கறா. நாலு அடி வேணும்னாலும் அடிச்சிருங்க, பேசாம மட்டும் இருக்காதீங்க அப்டிங்கறா."

எதிர்வீட்டு அம்மா மூக்கை உறிஞ்சினார். எனக்கோ சின்னவள் மேல் பன்னிரண்டு வாரக் கோபம். தொடையில் ஒரு தட்டுத் தட்டி, "சொல்றதெல்லாம் சொல்லிட்டு இப்ப வந்து கண்ணக் கசக்கினா ஆச்சா? யாரு நம்புவா இவ அழுகைய? மூத்தவ ஏமாறக் கூடாது. எந்திரிச்சுப் போகச் சொல்லு அவள!" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நாக்பூர்க்காரி எழுந்தாள். "பால் அடுப்புல இருக்கு" என்று என் மகளிடம் சொல்லிவிட்டு, நாடகம் முடியும் முன்னாலேயே மழையில் போய்விட்டாள்.

அடுத்த வாரத்தில்தான் தமிழ் வந்தது. மலை டவர் வேலை முடிந்து, சாயங்காலமானால் மெட்ராஸ் நிகழ்ச்சி தெரிய ஆரம்பித்தது. தெருவே திருவிழா மாதிரி இருந்தது. தமிழில் செய்தி, தமிழில் நாடகம், தமிழில் நகைச்சுவை. ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. அந்த வாரம் அவள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. கொழுந்தனும் அவர் மகனும் மட்டும் வந்தார்கள். "தலைவலிங்கறா" என்றார் கொழுந்தன்.

"அவ தயவு இனி யாருக்கு வேணும்? அதான் தமிழ் வந்திருச்சே. மரியாதை போயிருச்சுன்னு மொறப்பு" என்றேன் நான்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை இந்தி அப்படியேதான் இருந்தது. அதற்காவது வந்திருக்கலாம். வரவில்லை. அந்த ஜவுளிக்கடைக் கதையை நானும் ரெண்டு வாரம் ஊமைப்படமாகப் பார்த்தேன். மூன்றாவது வாரம் பெட்டியின் மரக்கதவை இழுத்து மூடிவிட்டேன். தமிழ் நாடகத்துக்கும் மனசு ஒட்டவில்லை. புரிந்தது, புரிந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை. பார்க்க ஒரு முகம் இல்லாமல் எங்கே சிரிப்பது? சுவருக்கு அந்தப் பக்கமும் சத்தம் நின்றுபோனது. ஆண்டெனாவைக் காக்காய் திருப்பிவிட்டால் முன்பெல்லாம் அவளே மாடியேறிச் சரி செய்துவிடுவாள். இப்போது அது கோணிக்கொண்டே நின்றது. வீட்டுக்காரர் ஏறிப் போய் "தெரியுதா? தெரியுதா?" என்று கத்தினார். தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன என்று இருந்தது எனக்கு.

பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸ் லீவு விடுகிற நாள் அரை நாள்தான். பிள்ளைகள் போன பிறகு டீச்சர்கள் எல்லாரும் கேக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, அந்த வருஷம் வந்த சினிமாவில் எது நல்ல படம் என்று சண்டை போடுவோம். அந்த வருஷம் சினிமாவை யாரும் பேசவில்லை, எல்லாம் டிவிதான். ஒருத்தர் போஸ்ட்மாஸ்டர் என்றார். ஒருத்தர் புதிதாக வந்த தமிழ் நாடகம் என்றார். நான் விடவில்லை. ஜவுளிக்கடைதான், அதிலும் சின்னவள் மன்னிப்புக் கேட்கிற காட்சிதான் என்று சொல்லி, எழுந்து நின்று நடித்தே காட்டினேன். பசியோட ஒருத்தர எந்திரிக்க வச்ச பாவம், நாலு அடி அடிங்க, எல்லாம்.

தையல் டீச்சர் கேக்கைக் கீழே வைத்தார். அவர் எட்டு வருஷம் வடக்கே ஒரு கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். "டீச்சர், அப்படி ஒரு சீனே வரலையே" என்றார்.

"என்ன டீச்சர் வரல? மழை பெஞ்ச ஞாயித்துக்கிழமை. பெரியவ ஜன்னலப் பாத்து நின்னா."

"அது தெரியும். சின்னவ கேட்டது பீரோ சாவி. மாமனார் வைத்தியத்துக்கு நகையை எடுக்கணும், சாவியக் குடுங்கன்னு கேக்குறா. அம்புட்டுத்தான். மொத்தமே நாலு வார்த்தை. பசின்னும் இல்ல, பாவம்னும் இல்ல."

"உங்களுக்கு இந்தி மறந்திருக்கும்" என்று சொல்லிவிட்டேன். வாய்தான் அப்படிச் சொன்னது. நாலு வார்த்தை என்றதும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. திரையில் சின்னவள் பேசி முடித்து வாயை மூடிக்கொண்ட பிறகும் எங்கள் நிலைப்படியில் இவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். வடக்கத்தி நாடகத்தில் பந்தியில் பசியோடு எழுந்து போனவர் யார்? பன்னிரண்டு வாரத்தில் அப்படி யாருமே இல்லை. பசியோடு போனவன் என் அண்ணன். "பசியோட போறான்" என்று அழகர்கோவிலில் கத்தியவள் நான்.

கோழியைச் சாக்கிட்டு மூன்று வருஷம் அவளைத் திட்டினேன். அவள் நாடகத்தைச் சாக்கிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். சாடை பேசக் கற்றுக்கொடுத்த எனக்கே சாடை புரியவில்லை. புரியாதது கூடக் குற்றமில்லை. 'எந்திரிச்சுப் போகச் சொல்லு அவள' என்று ஊர் கூடி இருக்கிற இடத்தில் சொன்னேனே! சொல்லிவிட்டுச் சிரித்தேனே! அவளும் எழுந்து போனாளே! எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. தையல் டீச்சர் தன்னால்தான் என்று பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கிட்டாவது ஓடிப் போய்விடலாமா என்று அவ்வளவு வெட்கமாக இருந்தது.

பஸ்ஸில் வரும்போது சபதத்தை நினைத்துப் பார்த்தேன். அவளாக வாயைத் திறக்கிற வரைக்கும் என்பதுதானே பேச்சு? அவள் வாயைத் திறந்து ரெண்டு மாதம் ஆகிவிட்டது. அப்படிப் பார்த்தால் இந்த ரெண்டு மாதமும் சபதத்தை மீறியவள் நான்தான். இப்படியும் ஒரு கணக்குப் போட்டால்தான் என்னால் அந்த வீட்டுப் படி ஏற முடியும். என் குணம் எனக்குத் தெரியாதா?

வீட்டுக்குள் நுழையாமல் நேரே கொல்லை வழியாகப் போனேன். அவள் அடுப்படி வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். முகம் வெளுத்துப் போனது. நான் ஏதோ சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள், பாவம். என்ன பேசுவது என்று பஸ்ஸில் அவ்வளவு யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"பசிக்குது. சோறு போடு" என்றேன்.

அவள் அப்படியே நின்றாள். "அக்கா?"

"காது கேக்கலையா? காலையில தின்ன ரெண்டு இட்லி. போடுறியா, நான் போகவா?"

உள்ளே ஓடினாள். தட்டை எடுத்தாள், கீழே போட்டாள், மறுபடி எடுத்தாள். நான் அவள் அடுப்படியில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். சோறு ஆறிப்போய்த்தான் இருந்தது. கத்தரிக்காய்க் குழம்பு, ரசம். நான் கையை நனைத்து முதல் வாய் வைக்கிறவரைக்கும் கரண்டியோடு எதிரே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"எங்கிட்டச் சொன்னது போதும். பொங்கலுக்கு எங்கண்ணன் வருவான். உன் கையால அவனுக்கு ஒரு எல போட்டுரு" என்றேன்.

முகத்தை மூடிக்கொண்டே தலையை ஆட்டினாள்.

"அன்னைக்கு நான் சொன்னது டிவியில இருந்தவள. சத்தியமா உன்னச் சொல்லல."

அதற்கும் தலையை ஆட்டினாள். இதற்கு மேல் பேசினால் நானும் அழுதுவிடுவேன். அதனால் நாடகத்தைப் பற்றிக் கேட்டேன். "பீரோ சாவியத்தான கேட்டா அந்தச் சின்னவ? மூத்தவ குடுத்தாளா, இல்லையா?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்கும் தெரியாதுக்கா. நாந்தான் பாதியில எந்திரிச்சு வந்துட்டேனே" என்றாள்.